ஐயா பேரில் இருக்கும் வீடு

செட்டிநாட்டில் மூத்த பேரனுக்கு ஐயா (அப்பாவின் அப்பா) பேரை வைப்பது வழக்கம். பத்திரம், பட்டா, வரி ரசீது என்று வரும்போது இதனால் ஒரு குழப்பம் வருகிறது. சொக்கலிங்கம் மகன் மெய்யப்பன், அவர் மகன் சொக்கலிங்கம், அவர் மகன் மறுபடியும் மெய்யப்பன். வீட்டு வரி ரசீதில் 'சொ. மெய்யப்பன்' என்று இருக்கும். பேரன் அதைப் பார்த்துவிட்டு, வீடு நம் பேரில்தானே இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பார். ஆனால் ரசீதில் இருப்பது ஐயா. அவர் காலமாகி ஐம்பது வருஷம் ஆகியிருக்கும். அந்த ஐயாவுக்கு ஐந்து பிள்ளைகள், அதில் மூன்று பேர் இன்றைக்கு இல்லை, அவர்களுடைய பிள்ளைகள் சென்னை, கோலாலம்பூர், சிங்கப்பூர், அமெரிக்கா என்று சிதறிக் கிடக்கிறார்கள். சட்டப்படி அந்த வீடு இத்தனை பேருக்கும் சொந்தம்.

கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோனாபட்டு, தேவகோட்டை, எந்த ஊர்த் தெருவில் நடந்தாலும் முகப்பில் பூட்டுத் தொங்கும் வளவு (உள்முற்றம்) வைத்த பெரிய வீடுகளைப் பார்க்கலாம். மேல்மாடிச் சுவரில் ஆலங்கன்று முளைத்திருக்கும், ஓடு உடைந்த இடத்தில் மழைத் தண்ணீர் இறங்கி பர்மாத் தேக்கை அரித்துக்கொண்டிருக்கும். ஓடு மாற்ற அந்தக் குடும்பத்தில் காசு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நான் செலவழித்தால் அது யாருக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாததால்தான் யாரும் செலவழிப்பதில்லை. 2014-ல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள், எல்லாருக்கும் பெருமைதான். பங்காளிகளின் காகிதம் சரியாகாமல் அந்தப் பெருமையால் ஒரு ஓடுகூட மாறாது.

நான் வக்கீல் இல்லை. உறவுக்காரர்களுக்கும் தெருக்காரர்களுக்கும் மனு எழுதிக் கொடுத்து, தாலுகா ஆபீசுக்கும் பத்திர ஆபீசுக்கும் கூடப் போய் வந்து தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். பத்திரம் போடும் கட்டத்தில் கண்டிப்பாக ஒரு சிவில் வக்கீலைப் பாருங்கள்.

முதலில் எது எதற்குச் சாட்சி என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் யார் பணம் கட்டுகிறார்கள் என்பதைக் காட்டும், அவ்வளவுதான். பட்டா வருவாய்த்துறைப் பதிவு. அது நிச்சயம் வலுவான ஆவணம், ஆனால் பட்டாவில் பேர் ஏறியதாலேயே மற்ற வாரிசுகளின் பங்கு போய்விடாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. நம் ஊர்களில் வீடுகள் பெரும்பாலும் கிராம நத்தத்தில் (குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நிலத்தில்) இருக்கின்றன, அதற்கு நத்தம் பட்டா தனி. நத்தம் நிலவரித் திட்டத்தில் அளந்தபோது வீட்டில் யார் இருந்தாரோ, யார் கேட்டதற்குப் பதில் சொன்னாரோ அவர் பேரை எழுதிவிட்டுப் போன கதைகள் நிறைய. அப்படி ஏறிய பேரைப் பார்த்துவிட்டு, 'பெரியப்பா மோசம் பண்ணிட்டார்' என்று சண்டைக்குப் போகாதீர்கள். பெரியப்பாவுக்கே அது தெரியாமல் இருக்கலாம். அப்புறம் வில்லங்கச் சான்று, அதாவது ஈசி. பதிவுத்துறை இணையதளத்தில் பெரும்பாலும் 1975-லிருந்து பார்க்க முடிகிறது, அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேடச் சொல்ல வேண்டும். பதிவான பத்திரம் மட்டுமே அதில் வரும். பதிவு செய்யாத உயிலோ, வாய்வழிப் பாகப்பிரிவினையோ, யார் யார் இறந்தார்கள் என்பதோ வராது. ஈசி சுத்தமாக இருக்கிறது என்பதால் வீட்டில் வில்லங்கமே இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

நான் முக்கியமாகச் சொல்ல வருவது இதுதான்: வீட்டில் ஒரு சாவு விழுந்தால், காரியங்கள் முடிந்த கையோடு அந்த ஒருவருக்கான காகிதத்தை முடித்துவிடுங்கள். ஒரு தலைமுறைக்கு வாங்க வேண்டிய இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் அப்போதே வாங்கியிருந்தால் வேலை சில வாரங்களில் முடியும். இரண்டு தலைமுறை விட்டுவிட்டு வந்தால் அது பெரிய மலை.

இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது 1969-ஆம் வருஷச் சட்டம். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டால் பதிவாளர் தானாகப் பதிய முடியாது, கோட்டாட்சியர் மட்டத்தில் உத்தரவு வாங்க வேண்டும். 1960-களில் காலமான அப்பத்தாவுக்கு இப்போது போய்க் கேட்டால் ஆதாரம் என்ன என்பார்கள். அவருடைய திதி எல்லாருக்கும் தெரியும், வருஷம் ஒருத்தருக்கும் சரியாகத் தெரியாது. பழைய கருமாதிப் பத்திரிகை, கணக்குப் புத்தகம், கோயில் ரசீது என்று எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள்.

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் மனுப் போட்டால் விஏஓ, வருவாய் ஆய்வாளர் என்று விசாரணை போய் கடைசியில் தாசில்தார் கொடுப்பார். விசாரணைக்கு வருகிறவர் கேட்பது எளிமையான கேள்விதான்: மனைவி இருக்கிறாரா, பிள்ளைகள் யார் யார், மகள்கள் எங்கே கட்டிக் கொடுத்திருக்கிறது, இறந்தவரின் அம்மா உயிரோடு இருக்கிறாரா. கடைசிக் கேள்வியை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். 1956-ஆம் வருஷ இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன், மகள் ஆகியோரோடு அவருடைய தாயாருக்கும் சமபங்கு உண்டு. மகனைப் பறிகொடுத்த ஆச்சியின் பேரை விட்டுவிட்டு மனுப் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, 'அவங்களுக்கு எதுக்கு' என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். பின்னால் அந்த ஆச்சியும் காலமானால் அவர் பங்கு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் போகும், அதனால் கணக்கே மாறிவிடும். வங்கிப் பணம், பங்குப் பத்திரம் மாதிரியானவற்றுக்குச் சில இடங்களில் நீதிமன்றம் கொடுக்கும் வாரிசுரிமைச் சான்று வேறாகக் கேட்பார்கள். பேர் ஒன்றுபோல இருந்தாலும் தாசில்தார் கொடுப்பது அது இல்லை.

பேர் விஷயம் நம்மிடம் பெரும் தொல்லை. மாமியார் பேரை வைத்த மகளை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று வேறு பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு பேர், ரேஷன் கார்டில் ஒரு பேர், ஆதாரில் மூன்றாவது பேர். பத்திரத்தில் 'அலமேலு என்கிற உமையாள்' என்று இரண்டையும் எழுதி வைப்பது நல்லது. ஏற்கெனவே பத்திரங்களில் வேறுவேறாக இருந்தால் இருவரும் ஒருவரே என்று காட்டும் சான்றோ பிரமாணப் பத்திரமோ கேட்பார்கள். பெரியவர் உயிரோடு இருக்கும்போது இதைச் செய்வது ஒரு மதிய வேலை.

அடுத்து, எனக்கு மிகவும் மனசுக்குப் பட்ட விஷயம், பெண் பிள்ளைகளின் பங்கு. நகரத்தாரான நம் கோயில்களில் புள்ளிக் கணக்கு உண்டு. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி என்று ஒன்பது கோயில், கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும் மாப்பிள்ளை வீட்டுக் கோயிலில் ஒரு புள்ளி. கட்டிக் கொடுத்த பெண் பிறந்த வீட்டுக் கணக்கிலிருந்து போய்விடுவாள். வழிவழியாக வந்த நல்ல ஏற்பாடுதான், யார் யாருக்கு என்ன உறவு என்று வம்சாவளி போட அந்தப் பதிவு அவ்வளவு உதவும். ஆனால் வீட்டுப் பங்கையும் அதே கணக்கில் போடுகிறார்களே, அங்கேதான் தப்பு. சட்டத்தின் கணக்கு வேறு. 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில் கல்யாணமாகாத மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்கு இணையான உரிமை வந்தது. 2005 செப்டம்பர் 9-லிருந்து நாடு முழுக்க, கல்யாணம் ஆனவர் ஆகாதவர் என்ற பேதமே இல்லாமல் வந்தது. அப்பா 2005-க்கு முன்னாலேயே இறந்துவிட்டாரே என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கும் முடிவு சொல்லிவிட்டது: மகளுக்கு உரிமை பிறப்பால் வருகிறது, அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 20-க்கு முன்னாலேயே பதிவுப் பத்திரம் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பு மூலமோ பாகம் பிரித்தது அப்படியே நிற்கும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. குடியிருக்கும் வீட்டைப் பொறுத்தவரை, ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ளத் தீர்மானிக்கும்வரை பெண் பாகம் கேட்க முடியாது என்று 1956 சட்டத்தில் 23-ஆம் பிரிவு இருந்தது. 2005-ல் அதை எடுத்துவிட்டார்கள். பழைய ஆட்கள் இன்னமும் 'வீட்ல பொம்பளப் பிள்ளை பாகம் கேக்க முடியாது' என்று சொல்வது அந்தப் பழைய பிரிவை வைத்துத்தான்.

'சீர் செய்தாச்சு, வைரத் தோடு போட்டாச்சு, அதோட சரி' என்பதும் சட்டத்தில் செல்லாது. சீர் ஒரு பக்கம், பங்கு ஒரு பக்கம். மகளே மனசார வேண்டாம் என்றால் அதற்கு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். வாயால் சொன்னது போதாது. அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன் அதில் என்ன எழுதியிருக்கிறது, எவ்வளவு மதிப்புள்ள சொத்து என்று அவளுக்குப் படித்துச் சொல்ல வேண்டும். 'ஆச்சி, இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க, தாலுகா ஆபீஸ்ல கேக்குறாங்க' என்று சொல்லி வாங்குவது அநியாயம். அப்படிக் கேட்டால், 'தம்பி, நகல் ஒன்னு குடுத்துட்டுப் போ, நாளைக்குப் படிச்சுட்டுப் போடுறேன்' என்று சொல்லுங்கள். நல்ல எண்ணத்தோடு வந்தவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பிள்ளை கூட்டிக்கொண்ட (தத்து எடுத்த) வீடுகளில் சுவீகாரப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவான பத்திரம் இருந்தால், யாராவது பொய் என்று நிரூபிக்கும்வரை சுவீகாரம் முறைப்படி நடந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். பிள்ளை போனவருக்குப் பிறந்த வீட்டில் அதன்பின் வாரிசுப் பங்கு கிடையாது, போவதற்கு முன்னாலேயே அவர் பேருக்கு வந்துவிட்ட சொத்து மட்டும் அவரோடு இருக்கும். மகன் இல்லை, மகள் மட்டும்தான், பிள்ளையும் கூட்டவில்லை, அதனால் அண்ணன் மகன் எடுத்துக்கொண்டான் என்ற கதையும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து போன அருணாசல கவுண்டர் வழக்கில் 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தகப்பனார் தாமே சம்பாதித்த சொத்து என்றால், அவர் 1956-க்கு முன்னால் இறந்திருந்தாலும் அண்ணன் தம்பி பிள்ளைகளுக்கு முன்னால் மகளுக்குத்தான் என்று சொல்லியிருக்கிறது.

பெட்டகத்தைத் திறந்தால் பழைய கூர்ச்சீட்டு (யாருக்கு எந்தப் பாகம் என்று எழுதிய சீட்டு) ஒன்று கிடைக்கும். மடிப்பில் கிழிந்து, மூலையில் பூச்சி அரித்து, 'முதல் கட்டு கிழக்கு வரிசை இரட்டை வீடு பெரியவருக்கு, மேற்கு வரிசை இளையவருக்கு, வளவும் முகப்பும் பொது' என்று மசியில் எழுதி நாலு பேர் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அதைப் பத்திரமாக வையுங்கள், லாமினேஷன் செய்யாதீர்கள். முன்னமே வாய்வழியாகப் பிரித்துக்கொண்டதைப் பின்னால் குறித்து வைத்த சீட்டு என்றால் நீதிமன்றத்தில் அதற்கு மதிப்பு இருக்கலாம். அந்தச் சீட்டே பிரிவினையைச் செய்கிறது என்றால் அதைப் பதிந்திருக்க வேண்டும். எது எந்த வகை என்பது சீட்டில் உள்ள வாசகத்தைப் பொறுத்தது, அதனால் அதை வக்கீலிடம் முழுசாகப் படிக்கக் கொடுங்கள்.

புதிதாகப் பாகப்பிரிவினைப் பத்திரம் போட்டால் செலவு எவ்வளவு என்று எல்லாரும் கேட்கிறார்கள். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை மதிப்பில் 1 சதவீதம், ஒரு பங்குக்கு அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், ஒரு பங்குக்கு அதிகபட்சம் 10,000. இந்த உச்சவரம்பு 2023 ஜூலையில் ஏறியது, மறுபடி மாறியிருக்கிறதா என்று பத்திர ஆபீசில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் சட்டம் குடும்பம் என்று சொல்வது நாம் சொல்லும் குடும்பம் முழுவதையும் இல்லை. பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், கூடப் பிறந்தவர்கள் என்று அதற்கு ஒரு வரையறை வைத்திருக்கிறார்கள். ஐயாவின் பிள்ளைகள் இருக்கும்போதே எழுதினால் அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்குள் முடிந்துவிடும். ஒன்றுவிட்ட பங்காளிகள், அவர்களுடைய பிள்ளைகள் என்று போன பிறகு வரையறைக்கு வெளியே விழுந்தால் தீர்வை பல மடங்கு ஆகலாம். தள்ளிப்போடுவதற்கு இப்படிப் பணமாகவே விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறவர்கள் ஊருக்கு வர முடியாவிட்டால் பவர் அனுப்பலாம். அங்கே நோட்டரி முன்னாலோ நம் தூதரக அதிகாரி முன்னாலோ கையெழுத்துப் போட்டுச் சான்று வாங்க வேண்டும், அது இந்தியா வந்து சேர்ந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். இந்த மூன்று மாதத்தைக் கோட்டைவிட்டால் திரும்ப முதலிலிருந்து அலைய வேண்டிவரும். என்னென்ன செய்ய அதிகாரம் கொடுக்கிறோம் என்பதைக் குறிப்பாக எழுதுங்கள். ஓடு மாற்றவும் வரி கட்டவும் என்றால் அதை மட்டும் எழுதுங்கள், விற்கும் அதிகாரத்தைச் சும்மா சேர்க்காதீர்கள். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டார், அதனால் அவருக்குப் பங்கு இல்லை என்று ஊரில் சிலர் சொல்வார்கள், அது சரியில்லை. குடியுரிமை மாறியதால் மட்டும் வாரிசுரிமை போவதில்லை.

பங்காளி ஒருவர் தன் பங்கை வெளியாளுக்கு விற்றுவிட்டால்? விற்க அவருக்கு உரிமை உண்டு. ஆனால் பிரிக்காத குடும்ப வீட்டில் பங்கு வாங்கிய வெளியாள், நானும் உள்ளே வந்து கூட இருப்பேன் என்று கேட்க முடியாது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், 1893-ஆம் வருஷப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி, நீதிமன்றம் போடும் மதிப்புக்கு அந்தப் பங்கை நாமே வாங்கிக்கொள்கிறோம் என்று குடும்பத்தார் கேட்கலாம். செட்டிநாட்டு வீடுகளுக்கென்றே எழுதியது போன்ற பிரிவு இது, ஆனால் தெரிந்தவர்கள் குறைவு.

நிலைக்கதவையும் தூணையும் ஒருவர் மட்டும் கழற்றி விற்கிறார் என்றால் கொஞ்சமும் தாமதிக்கக் கூடாது. பொதுச் சொத்தை ஒரு பங்குதாரர் தன்னிஷ்டப்படி அழிக்க முடியாது, தடை உத்தரவு கேட்கலாம். தூண் வண்டி ஏறிவிட்டால் உத்தரவு வாங்கியும் பிரயோஜனம் இல்லை. அதனால் இப்போதே ஒவ்வொரு கட்டுக்கும் போய்த் தூண், கதவு, பெட்டகம், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை என்று எல்லாவற்றையும் தேதியோடு போட்டோ எடுத்து, எல்லாப் பங்காளிகளும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டு வையுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவருக்கு என்ன சம்பளம், எதற்காக இருக்கிறார் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவதும் நல்லது. எத்தனை வருஷம் இருந்தாலும் காவலுக்கு இருப்பவருக்கு அந்த இருப்பால் சொந்தம் வந்துவிடாது. ஆனாலும் காவலுக்குத்தான் வைத்தோம் என்று காட்ட ஒரு தாளாவது வேண்டும்.

எல்லாரையும் எப்படி ஒன்று சேர்ப்பது என்பார்கள். முன்னோருக்குப் படைத்துக் கும்பிடும் படைப்புக்கு எப்படியும் வருகிறார்களே! பங்காளிகள், பெண் பிள்ளைகள், பேரன் பேத்தி எல்லாரும் அந்த வளவில் உட்கார்ந்து சாப்பிடுகிற நாள் அது. காலையில் படைப்பு முடியட்டும், மதியம் பந்திக்குப் பிறகு ஒரு நோட்டை எடுத்து வம்சாவளியை எழுதுங்கள். யாருக்கு யார் பிள்ளை, யார் எந்த வருஷம் காலம், யாரிடம் இறப்புச் சான்றிதழ் இருக்கிறது, யாரிடம் இல்லை. பெரியவர்கள் சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளை ஒருவர் எழுதட்டும், கட்டிக் கொடுத்த பெண்களின் பேரையும் எழுதட்டும். அன்றைக்குப் பங்கு பேசவே வேண்டாம். பங்கு என்று ஆரம்பித்தால் பழைய மனஸ்தாபமெல்லாம் எழுந்துவரும். நோட்டு கையில் இருந்தால் தாலுகா ஆபீஸ் வேலையை ஒருவர் பின் ஒருவராகத் தொடங்கிவிடலாம். மனு போட்டு நாளாகியும் பதில் இல்லையா, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு என் மனு எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள், 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

பேச்சு ஒத்துவராமல் போனாலும் நேராக வழக்குக்குப் போக வேண்டியதில்லை. சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் ஆனால் அது சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதற்கு மேல்முறையீடு கிடையாது. வழக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்ப வரும். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசமாக வக்கீல் வைத்துத் தர 1987-ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது, பங்களா வீட்டு ஆச்சியாக இருந்தாலும் கேட்கலாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து விசாரிக்கலாம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து ஊர் என்றால் சிவகங்கை மாவட்டம், திருமயம், பொன்னமராவதிப் பக்கம் என்றால் புதுக்கோட்டை மாவட்டம். சொத்து எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அங்கே உள்ள ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள்.